நல்ல மூக்கு

"உங்களுக்கு நல்ல மூக்கு மேடம். இதுக்கு முன்னாடி எங்கேயாவது ஒயின் டேஸ்டிங் போயிருக்கீங்களா?"

நந்தி மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஒயின் தயாரிப்புக் கூடம். அங்கே வேலை செய்கிற இளைஞர் கன்னடம் கலந்த தமிழில் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே தொண்டையும் அடைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் திருவண்ணாமலைக்காரி. அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது 56. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மது என் நாக்கில் பட்டதில்லை. அப்படிப்பட்டவள் கையில் கண்ணாடிக் கோப்பையுடன் அங்கே எப்படிப் போய் நின்றேன்? அதைச் சொல்ல எங்கள் வீட்டு மாடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கிரிவலம் வந்தவர்களுக்குச் செங்கம் சாலை தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் ரமணாசிரமம் இருக்கிற பக்கம். கார்த்திகை தீபம் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். வெயில் ஏறத் தொடங்கும் மார்ச் வரை இருப்பார்கள். அந்தப் பக்கம் வீடு வைத்திருக்கிற பலரைப் போல நாங்களும் மாடி அறையை வாடகைக்கு விடுவோம். 2018 டிசம்பரில் இஸ்ரேலிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது.

முதல் வெள்ளிக்கிழமை மாலை அந்த அம்மா கீழே இறங்கி வந்தார். "இங்கே நல்ல திராட்சை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை ஒயினைக் கையில் ஏந்தி வீட்டுக்காரர் ஆசீர்வாதம் சொல்வது அவர்கள் வழக்கமாம்.

ஒயின் என்றதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். அவர் உடனே கையை ஆட்டினார். "ஒயின் வேண்டாம். திராட்சைச் சாறே போதும். எங்கள் விதியில் அதற்கு இடம் உண்டு."

தேரடி வீதித் தள்ளுவண்டியில் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்தேன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற பழம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்த ரகம் இது என்பார்கள். உலகத்தில் மற்றவர்கள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். நமக்கு இதன் வாசனை பன்னீரை நினைவுபடுத்தியதால் பன்னீர் திராட்சை ஆகிவிட்டது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

என் சமையலறையில் நின்று, பழங்களைக் கழுவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு வேக வைத்து, வடிகட்டினார் அந்த அம்மா. நான் கரண்டியை வாங்கப் போனேன். "இதை மட்டும் நானே செய்யணும்" என்று சிரித்தபடி தடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நம் ஊர் மடி போலத்தான்.

பேக்கரியில் வாங்கிய இரண்டு பன், இரண்டு மெழுகுவத்தி, ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை. அவர் கணவர் நின்றபடி மெல்லிய குரலில் பாடினார். ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் டம்ளரில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார்கள். அம்மாவுக்கும் கொடுத்தார்கள். என் அம்மா டம்ளரை வாங்கியதும் முதலில் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அப்புறம்தான் குடித்தார்.

அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

மொத்தம் மூன்று குளிர்காலம் அவர்கள் வந்தார்கள். மாலை நேரங்களில் மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசுவோம். அந்த அம்மாவின் தம்பி ஜெருசலேமுக்குப் பக்கத்தில், யூதேய மலைகளில், சின்ன அளவில் ஒயின் தயாரிக்கிறவர். அங்கே இப்படிச் சின்னச் சின்னக் கூடங்கள் நிறைய உண்டாம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பாரன் எட்மண்ட் டி ராத்ஸ்சைல்ட் என்ற பிரெஞ்சுப் பணக்காரர் பெரிய ஆலைகளைக் கட்டிக் கொடுத்தார். வெகுகாலம் அங்கே சடங்குக்கான இனிப்பு ஒயின்தான் அதிகம். 1980-களில் கோலான் மேட்டில் புதிய முறையில் தயாரிக்கத் தொடங்கினார்கள். 1990-களுக்குப் பிறகு தனி மனிதர்கள் தங்கள் நிலத்திலேயே சின்னதாக ஆரம்பித்தார்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு காரில் கிளம்பிப் போனால், முதலாளியே வந்து ஊற்றிக் கொடுப்பாராம். கூடவே ஆலிவ் காய், பாலாடைக்கட்டி, ரொட்டி. குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறு.

விதிகள்தான் எனக்கு வியப்பாக இருந்தன. கொடி நட்ட முதல் மூன்று வருஷம் பழத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். திராட்சையை நசுக்கியதிலிருந்து பாட்டிலை மூடும் வரை, ஓய்வு நாளை முறையாகக் கடைப்பிடிக்கிற யூதர் மட்டுமே ஒயினைத் தொடலாம்.

"என் தம்பி அதெல்லாம் கடைப்பிடிக்கிற ஆள் இல்லை" என்றார் அந்த அம்மா. "அதனால் அவன் செய்கிற ஒயினை அவனே தொட முடியாது. தொட்டியைத் திறக்கவும் முடியாது. வேலைக்காரர் ஒரு கோப்பையில் பிடித்துக் கொடுப்பார். இவன் மோந்து பார்த்து, ருசி பார்த்து, இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று சொல்வான். மூக்கை வைத்துக்கொண்டுதான் பிழைப்பு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒருநாள், "உங்கள் ஊரில் ஒயின் கிடையாதா?" என்று அவர் கேட்டார். நான் அரிக்கமேட்டைச் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தபோது ரோமானியர்களின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கடல் கடந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகள். யவனர்கள் கொண்டுவந்த தேறலைப் பற்றிப் புறநானூற்றிலேயே பேச்சு இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே நமக்கு அறிமுகமானதுதான்.

"பிறகு ஏன் ஒயின் என்றதும் உங்கள் முகம் அப்படி ஆனது?" என்று அவர் கேட்டார்.

"எங்க அப்பா குடிச்சே செத்தார்" என்றேன். என் வாயால் அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம், ஆங்கிலத்தில் சொன்னேன். தமிழில் சொல்லியிருக்க மாட்டேன்.

கொரோனா வந்து எல்லாம் நின்றது. அதன்பிறகு ஒரே ஒருமுறை வந்தார்கள். பிறகு அங்கே போர். இப்போது வாட்ஸ்அப்பில் விசாரித்துக்கொள்வதோடு சரி.

இந்தக் கதையில் அடுத்து வருவது என் மகள். பெங்களூரில் வேலை. 27 வயது. போன வருஷம், 2025 பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமைக்கு என்னைக் கூப்பிட்டாள். "நந்தி மலைக்குப் போலாம்மா. பக்கத்துல ஒரு ஒயின் தோட்டம் இருக்கு. அறுவடை நேரம். நொதித்தல் பாடம் நடத்துறியே, ஒருநாள் நேர்ல பாரு."

நான் முடியாது என்றேன். அவள் விடவில்லை. "குடிக்க வேணாம். பார்த்துட்டு மட்டும் வரலாம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முப்பது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். 180 கிராம் குளுக்கோஸ் நொதித்தால் 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். ஈஸ்ட், சைமேஸ் என்சைம், சுண்ணாம்பு நீர் பால் போல மாறும் சோதனை, எல்லாம் மனப்பாடம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்த வாரம் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் போட்டேன். ஒரே ஒரு கார்பன் அணு கூடக் குறைய. ஆனால் மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரித்துவிடும். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் கேட்டார்கள். "டீச்சர், உங்களுக்கு யாராவது..." என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். நான் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு சுமார் 200 கிலோமீட்டர். வெள்ளி ராத்திரி போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனோம்.

அந்தப் பகுதியில் திராட்சை பழைய பயிர்தான். பெங்களூர் புளூ என்கிற கறுப்புத் திராட்சை வெகுகாலமாக அங்கே விளைகிறது. ஒயினுக்கென்று பிரெஞ்சு ரகங்களை வைத்துப் பெரிய அளவில் ஆரம்பித்தவர் கன்வல் குரோவர். 1988-ல் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் தோட்டம் உருவானது. 2007-ல் கர்நாடக அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு சின்னக் கூடங்களும் முளைத்தன. நாங்கள் போனது அப்படி ஒரு சின்ன இடத்துக்கு.

கம்பி கட்டி வரிசை வரிசையாகக் கொடிகள். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இலை உதிர்த்துக் கொடி தூங்கிவிடும். நம் வெயிலில் அதற்குத் தூக்கமே கிடையாது. அதனால் இங்கே வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்து கோடையில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகுதான் காய்ப்பு.

எங்களுக்குச் சுற்றிக் காட்டிய இளைஞர் ஒரு பழத்தைப் பிழிந்து ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டு என்னிடம் நீட்டினார். 23 என்று காட்டியது. நூறு கிராம் சாற்றில் 23 கிராம் சர்க்கரை. "அப்படின்னா ஆல்கஹால் 13 சதவீதம் பக்கம் வருமே?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க அம்மா கெமிஸ்ட்ரி டீச்சர்" என்று மகள் பெருமையாகச் சொன்னாள்.

உள்ளே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் நின்றன. ஒரு தொட்டியின் மேலிருந்து வந்த குழாயின் முனையை வாளித் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். குப் குப் என்று குமிழ் வந்துகொண்டே இருந்தது. 88 கிராம், 88 கிராம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷம் எழுதியதை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். அந்த வாயு காற்றைவிட கனம் என்பதால் தரையோரம் தேங்கும். ஆளை மயக்கிவிடும். கதவுகளைத் திறந்து வைத்து, மின்விசிறி ஓடவிட்டுத்தான் உள்ளே வேலை செய்கிறார்கள்.

கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கலாம் என்று அங்கேதான் கண்ணால் பார்த்தேன். நிறமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. உடனே பிழிந்து தோலை எடுத்துவிட்டால் சாறு வெளுப்பாக இருக்கும். தோலோடு ஊற விட்டால் சிவப்பு. அடுத்த அறையில் 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாய்கள். ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில்.

பிறகு ருசி பார்க்கும் மேசைக்கு அழைத்துப் போனார். ஐந்து கோப்பைகள். நடுவில் மூடி போட்ட ஒரு வாளி.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"துப்பறதுக்கு மேடம். நாங்க வேலை நேரத்துல விழுங்க மாட்டோம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மாதிரி பார்க்கணும். விழுங்கினா நாக்கும் போயிடும், வேலையும் போயிடும்."

எனக்குத் தைரியம் வந்தது. "அப்படின்னா நானும் துப்பறேன்" என்றேன்.

முதலில் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்க்கச் சொன்னார். பிறகு மெதுவாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். அப்புறம்தான் வாய்.

முதல் கோப்பை ஷெனின் பிளாங்க். "கொய்யா" என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டாவது சாவிஞோன் பிளாங்க். "குடைமிளகாய். வெட்டின உடனே வருமே அந்த வாசனை." அவர் மகளைப் பார்த்தார். மூன்றாவது ரோஸ் நிறம். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நான்காவது ஷிராஸ். மோந்ததும் பொங்கல் நினைவு வந்தது. "மிளகு" என்றேன். சரிதான் என்றார். ஷிராஸிலும் மிளகிலும் இருக்கிற அந்த வாசனைப் பொருள் ஒன்றேதான். ரொட்டண்டோன் என்று பெயர். 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஐந்தாவது காபெர்னே. மூக்குக்கு அருகே கொண்டுபோனதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. இது கெட்டுப்போச்சு. வினிகர் ஆரம்பிச்சிருக்கு."

அவர் வாங்கி மோந்து பார்த்தார். மகளும் பார்த்தாள், அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் மறுபடி மோந்தார். பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பார்த்தார். நான்கு நாள் முன்பு திறந்த பாட்டில். ஓரத்தில் நின்ற பையனைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தார். அப்போதுதான் கேட்டார். "உங்களுக்கு நல்ல மூக்கு மேடம். இதுக்கு முன்னாடி டேஸ்டிங் போயிருக்கீங்களா?"

"வீட்டுலயே பழகினது" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். மகள் ஒரு கோப்பையில் கால் பங்கு குடித்திருந்தாள். வண்டி ஓட்ட வேண்டாம் என்று டிரைவரோடுதான் வந்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "அம்மா, நான் எப்பவாவது ஒயின் குடிப்பேன். ஃப்ரெண்ட்ஸோட சாப்பிடப் போனா ஒரு கிளாஸ். உன்கிட்ட மறைக்கப் பிடிக்கல. போன்ல சொல்லவும் தெரியல. அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

நான் பதில் சொல்லவில்லை.

"நீ திட்டுவேன்னு நினைச்சேன்" என்றாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றேன்.

"எனக்கும் தெரியும். ஊருக்கு வரப்ப என்னைக் கட்டிப் பிடிப்பியே, அப்ப மூச்சை இழுப்ப. ஒவ்வொரு தடவையும். ஏம்மா அப்படி?"

அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

எங்கள் அப்பா மணிலாக்கொட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை. 1981-ல் தமிழ்நாட்டில் சாராயக் கடைகளும் கள்ளுக் கடைகளும் திறந்தபோது எனக்கு 12 வயது. மண்டியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடை. ராத்திரி எட்டரை மணிக்கு வருவார். நான் திண்ணையில் விளக்கடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். படிக்கவில்லை, காவல் இருந்தேன். அவர் படியேறி என்னைக் கடந்து போகிற அந்த ஒரு நொடியில் நான் மோந்து பார்த்துவிட வேண்டும்.

வெற்றிலையும் புகையிலையும் மட்டும் என்றால் அன்றைக்கு நிம்மதி. புளித்த வாடை என்றால் கள், பாட்டுப் பாடுவார், தூங்கிவிடுவார். ஏலக்காய் வாசனை தூக்கலாக இருந்தால் கொஞ்சமாகக் குடித்துவிட்டு மறைக்கிறார் என்று அர்த்தம். அழுகிப்போன வெல்லத்தில் ஸ்பிரிட் ஊற்றியது போல ஒரு நெடி வரும். அதுதான் சாராயம். அந்த நெடி வந்தால் இரண்டு தடவை இருமுவேன். உள்ளே அம்மா அடுப்பை அணைப்பார். நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக எதிர் வீட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா அங்கேயே இருப்பார்.

ஐந்து வருஷம் அப்படி. என் மூக்கு ஒரு தடவை கூடத் தவறியதில்லை.

1986-ல் அவர் போனார். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி. வந்தவர்களிடம் எல்லாம் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். என் கல்யாணத்தின்போதும் அதையேதான் சொன்னோம். என் மகளுக்கும் அதையேதான் சொல்லி வளர்த்தேன்.

அவள் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றாள்.

வெட்கம் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. சர்க்கரை நோய் குடும்பத்தில் இருந்தால் பிள்ளைகளிடம் சொல்கிறோம். மாரடைப்பு இருந்தால் சொல்கிறோம். குடிநோயிலும் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. குடிநோயாளியின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வேதியியல் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அவளுக்கு மிக அவசியமான ஒரு தகவலைக் காமாலை என்ற ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். அவள் பெங்களூரில் முதல் கோப்பையைக் கையில் எடுத்தபோது, தாத்தாவின் கதை தெரியாமலேயே எடுத்திருக்கிறாள்.

அவளுக்கு அறிவுரை சொன்னேனா என்று கேட்டால், ஆமாம், சொன்னேன். டீச்சர் அல்லவா! எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஒயின் இதயத்துக்கு நல்லது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஒயினில் 13 சதவீதம், பிராந்தியில் 42.8 சதவீதம் என்றாலும் கல்லீரலுக்குப் போகும்போது இரண்டும் ஒரே எத்தனால்தான். இதெல்லாம் சொன்னேன். "உனக்கு மற்றவங்களைவிடக் கூடுதல் கவனம் வேணும்" என்றும் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை.

"என்ன செய்யணும்னு நீதான் முடிவு பண்ணணும். மறைக்கிற நிலைமை வந்தா, அன்னைக்கே என்கிட்ட வந்துடு" என்றேன். எங்கள் அப்பாவின் சட்டைப்பையில் ஏலக்காய் வர ஆரம்பித்த நாளை நான் மறக்கவில்லை.

"சரிம்மா. நீயும் மோந்து பார்க்கறதை நிறுத்தணும்."

"அது மட்டும் என்னால முடியுமான்னு தெரியலடி."

இருவரும் சிரித்தோம்.

கிளம்பும்போது பாட்டில் எதுவும் வாங்கவில்லை. சாலையோரக் கடையில் இரண்டு கிலோ பெங்களூர் புளூ வாங்கினேன். கோப்பையும் கையுமாக மகள் எடுத்த என் படத்தை இஸ்ரேல் அம்மாவுக்கு அனுப்பி, கெட்டுப்போன பாட்டிலை நான் கண்டுபிடித்த கதையையும் எழுதினேன். உடனே பதில் வந்தது. "என் தம்பிக்கு ஒரு ஆள் தேவை. நீங்களும் தொட முடியாது. ஆனால் மோந்து பார்க்கலாம்."

அடுத்த வாரம் மகள் ஊருக்கு வந்திருந்தாள். அந்த அம்மா செய்தது போலவே திராட்சையை வேக வைத்து, வடிகட்டி, ஆற வைத்தேன். எங்கள் அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அம்மா அதை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார்.

"ஏன் ஆயா மோந்து பார்க்கற?" என்றாள் மகள்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இவளுக்குத் தெரியும் என்று அம்மாவுக்குப் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தார்.

"பழக்கம்டி கண்ணு" என்றார்.

மகள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். "தாத்தா எப்படி ஆயா இருப்பாரு? குடிக்காதப்ப?"

முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அம்மாவிடம் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. அம்மா கொஞ்ச நேரம் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல மனுஷன்" என்றார். "மண்டியிலேர்ந்து வர்றப்ப சட்டைப்பையில வறுத்த மல்லாட்டை கொண்டாருவாரு. சூடா இருக்கும். உங்கம்மா திண்ணையிலேயே அவர் பையில கைய வுட்டுடுவா. அவளுக்குக் குடுத்த பிறகுதான் எனக்கு."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அது எனக்கு மறந்தே போயிருந்தது. அடுப்படியில் நின்றபோது வந்தது அந்த வாசனை. வெதுவெதுப்பான சட்டை, செம்மண் தூசி, வறுத்த மல்லாட்டை.